கிரிப்டோச் சந்தை நம் நாட்டில் செல்லுமா?

புனே நகரில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு என் இல்லத்திற்கு வந்திருந்தார். தென்காசிப் பக்கத்தவர், மகாராஷ்டிரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலைக் கணக்கர். ஊரில் மனை ஒன்று வாங்குவதற்கெனச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கிரிப்டோச் சந்தை ஒன்றில் இட்டிருந்தார். எஞ்சியதையும் இடலாமா என்பது அவர் கேள்வி. "அண்ணா, இவர்கள் அரசாங்கத்தில் பதிவு பெற்றவர்கள், முத்திரைகூட இருக்கிறது, பாருங்கள்" என்று கைப்பேசியில் ஒரு சான்றிதழைக் காட்டினார்.

முத்திரை இருந்தது உண்மைதான். ஆனால் அஃது அமெரிக்க அரசாங்கத்தின் முத்திரை. அந்நாட்டுக் கருவூலத் துறையைச் சார்ந்த ஓர் அலுவலகத்தில், பணமாற்று வணிகர் என்று தம்மைத் தாமே பதிந்துகொண்டதற்கான சீட்டு அது. தம் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதை நற்சான்றாகக் கொள்ளலாகாது என்று அவ்வலுவலகமே எழுதி வைத்திருக்கிறது. மேலும், அமெரிக்காவில் பெற்ற பதிவு புனேயில் எதற்குப் பயன்படும்? பம்பாயில் ஓடும் டாக்சிக்குச் சிங்கப்பூரில் உரிமம் வாங்கியதைப் போன்றதன்றோ இது!

நேயர்களே, இக்கேள்வியை நம்மில் பலர் தவறான இடத்தில் கேட்கிறோம். அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு தொழில் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை மாநிலத்தைக் கொண்டு கணிப்பது. கேரளத்தில் லாட்டரிச் சீட்டு அரசாங்கமே விற்பது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் அது தடை செய்யப்பட்டது. ஏலச்சீட்டு நடத்துவோரும் தத்தம் மாநிலத்துச் சீட்டுப் பதிவாளரிடமே பதிய வேண்டும். கிரிப்டோவின் நிலை அப்படிப்பட்டதன்று. இதற்கான பதிவும் வரியும் மத்திய அரசைச் சேர்ந்தவை. கொல்கத்தாவிலும் சூரத்திலும் தில்லியிலும் விடை ஒன்றே.

அந்த விடை உருவான வழி சிறிது சுற்று வழி. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் பொதுமக்களுக்கு முதல் எச்சரிக்கையை விடுத்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, கிரிப்டோ வாணிகம் செய்வோருக்கு எவ்விதப் பணியும் செய்யலாகாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வாணிகத்தைத் தடை செய்யவில்லை. வங்கியின் வாயிலை மட்டும் அடைத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அச்சுற்றறிக்கையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். வங்கிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்று காட்டாமல் ஒரு தொழிலின் மூச்சையே நிறுத்துவது அளவுக்கு மிஞ்சியது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னர் 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வந்தது. மெய்ந்நிகர் எண்மச் சொத்து என்று இதற்கு ஒரு பெயரிட்டு, இலாபத்தின்மீது 30 சதவீத வரியும், 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தமும் விதித்தது. ஒரு நாணயத்தில் அடைந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. வரி வாங்குகிறார்களே, ஆகையால் அரசு இதனை அங்கீகரித்துவிட்டது என்று சொல்வோர் உளர். அது சரியன்று. இஃது இன்றும் சட்டப்படி செல்லும் பணம் அன்று. கடைக்காரர் ஒருவர் பிட்காயினை வாங்க மறுத்தால் அவரை எவரும் கேட்க இயலாது. ரிசர்வ் வங்கியே 2022-இல் சோதனை முறையில் வெளியிட்ட டிஜிட்டல் ரூபாய் வேறு, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

நமக்கு உண்மையில் பயன்படும் தேதி 2023 மார்ச் 7. அன்று மத்திய நிதி அமைச்சகம், கிரிப்டோ வாங்கி விற்கவும் மாற்றவும் காக்கவும் இடம் தரும் நிறுவனங்களைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. அதன் பயனாக இந்தியர்களுக்குப் பணி செய்யும் ஒவ்வொரு சந்தையும், அதன் தலைமையகம் உலகின் எம்மூலையில் இருப்பினும், நிதிப் புலனாய்வுப் பிரிவு என்னும் மத்திய அலுவலகத்தில் பதிய வேண்டும். வாடிக்கையாளரை அடையாளம் கண்டு, கணக்குகளைப் பாதுகாத்து, ஐயத்துக்குரிய பரிமாற்றங்களை அறிவிக்க வேண்டும். எனவே "இது சட்டப்படி நடப்பதா?" என்னும் பரந்த வினாவைக் கைவிட்டு, "இந்நிறுவனம் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிந்துள்ளதா?" என்று கேட்பதே முறை.

பதியாதோர்க்கு நேர்ந்தது யாது? 2023 டிசம்பர் 28 அன்று பைனான்ஸ், குகாயின், கிராகன் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டுச் சந்தைகளுக்கு விளக்கம் கோரும் அறிவிப்பு சென்றது. அவற்றின் இணைய முகவரிகளை மூடும்படியும் அப்பிரிவு பரிந்துரைத்தது. 2024 ஜனவரியில் ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் செயலிக் கடைகளிலிருந்து அவை மறைந்தன. பின்னர்ச் சில நிறுவனங்கள் வழிக்கு வந்தன. குகாயின் 34.5 இலட்சம் ரூபாயும், பைனான்ஸ் 18.82 கோடி ரூபாயும் அபராதத்துக்கு உள்ளாகிப் பதிவு பெற்றன. 2025 அக்டோபரில் வேறு 25 சந்தைகளுக்கு அதே வகை அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஆகவே ஒரு சந்தையின் நிலை நிலையானதன்று. சென்ற ஆண்டு ஒருவர் சொன்னதை இவ்வாண்டு நம்பிப் பயனில்லை. பணம் இடும் நாளன்று பார்ப்பதே பார்வை.

பார்க்கும் வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. பதிவு சந்தையின் வாணிகப் பெயரில் இராது. கம்பெனியின் சட்டப் பெயரில் இருக்கும். காயின்டிசிஎக்ஸ் என்று விளம்பரத்தில் காண்பது நெப்லியோ டெக்னாலஜீஸ் என்னும் கம்பெனி; வசீர்எக்ஸ் என்பது சன்மாய் லேப்ஸ். ஆதலால், முதலில் அச்சந்தையின் விதிமுறைப் பக்கத்தின் அடியில் சென்று, "உம்முடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனம்" என்று எப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். அலுப்பூட்டும் பக்கம்தான், ஆயினும் உண்மை அங்கேதான் ஒளிந்திருக்கும். பெயரே இல்லையென்றால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. பெயர் இந்தியக் கம்பெனியாக இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் அது எந்த ஆண்டு, எவ்வூரில் பதியப்பட்டது என்று காணலாம். அதன்பின் அப்பெயரை நிதிப் புலனாய்வுப் பிரிவின் அறிவிப்புகளிலும், நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தந்த எழுத்து விடைகளிலும் தேடுங்கள். சந்தையின் சொந்தப் பக்கத்தில் காணும் பதிவு எண்ணைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையிடமே விசாரிப்பார் உண்டோ?

அந்த விதிமுறைப் பக்கத்திலேயே, எந்நாட்டாருக்குப் பணி இல்லை என்னும் பட்டியலும் இருக்கும். அதில் இந்தியா இருந்தும், வி.பி.என். வழியே நுழைந்துகொள்ளலாம் என்று இளைஞர் எவரேனும் யோசனை சொல்லக்கூடும். நுழைவது எளிது. ஆனால் பணத்தை வெளியே எடுக்கும் நாளில் இருப்பிடச் சான்று கேட்பார்கள். ஆதாரைக் காட்டினால் விதியை மீறியவர் என்று கணக்கை முடக்குவார்கள். அப்போது எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கிரிப்டோச் சந்தை என்றோ, செபி அனுமதி பெற்றது என்றோ ஒருவர் சொன்னால், அச்சொல்லே பொய்க்குச் சான்று. அவ்விரண்டும் கிரிப்டோச் சந்தைக்கென்று அத்தகைய உரிமம் எதனையும் அளித்ததில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. ஒழுங்காக நடக்கும் சந்தை விற்பனையின்போது அந்த 1 சதவீதத்தைப் பிடித்து உம் பான் எண்ணில் கட்டும். வருமான வரித் துறையின் பக்கத்தில் உம் கணக்கில் அது தோன்றும். மாதக்கணக்கில் விற்றும் அங்கே ஒன்றும் தோன்றவில்லையெனில் ஐயுறுவதே அறிவுடைமை.

சந்தையையே விட்டு, தனி மனிதருக்குள் நேராக விற்பதும் பெருகியிருக்கிறது. உம் நாணயத்தை வாங்குபவர் அனுப்பும் பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், எங்கோ தெலங்கானத்திலோ குஜராத்திலோ பதிவான புகாரின்பேரில் உம் சம்பளக் கணக்கு முடக்கப்படும். அயலூரில் குடும்பத்துடன் இருக்கையில், மாதத்தின் முதல் வாரத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பதிவு பெற்ற சந்தையென்றால் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. பதிவு என்பது கள்ளப் பணத்தைக் கண்காணிப்பதற்கான ஏற்பாடு. வாடிக்கையாளரின் முதலுக்குக் காப்புறுதி அன்று. வங்கி வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு ஒரு ரூபாயும் இல்லை. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். சட்டப்படி இயங்குவதும் நம்பத்தக்கதும் இருவேறு வினாக்கள். இப்பேச்சில் முதல் வினாவுக்கே விடை சொன்னேன்.

புனே நண்பரின் கதைக்கு வருவோம். அன்று மாலையே அவர் தம் பணத்தைத் திரும்பக் கேட்டார். இலாபத்துக்குரிய 30 சதவீத இந்திய வரியை முன்னதாகத் தங்களிடம் கட்டினால்தான் விடுவிப்போம் என்று விடை வந்தது. அவ்வரியை நாம் நேரே வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோமேயன்றிச் சந்தைக்காரரிடம் அன்று. இதை அறிந்ததும் அவர் கட்டவில்லை. மனைக்கு வைத்திருந்த மீதி அவ்வளவில் தப்பியது. சைபர் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணை அழைத்தார். அவ்வெண் நாடெங்கும் ஒன்றே. பணம் அனுப்பிய தேதிகள், வங்கிப் பரிமாற்ற எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் அனைத்தையும் கணக்கரல்லவா, வரிசையாக எழுதி வைத்திருந்தார், புகாரும் பதிவாயிற்று. முதலில் இட்ட தொகை இன்னும் வந்து சேரவில்லை.