சிறு வீடியோ வியாபாரத்துக்கு உதவுமா?

‘கடையை வீடியோ எடுத்து ரீல்ஸ், ஷார்ட்ஸில் போட்டால் வியாபாரம் கூடுமா?’ காடாம்புலியூரில் சாலையோரம் முந்திரி விற்பவரும் இதைக் கேட்கிறார். ஊருக்குள் மளிகைக் கடை நடத்துபவரும் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

வீடியோவே பணம் தருமா?

ஷார்ட்ஸை மட்டும் நம்பி யூடியூபில் விளம்பரப் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களும் 90 நாட்களில் 1 கோடி பார்வைகளும் வேண்டும். கல்லாவில் உட்காரும் நமக்கு இது எட்டாத கணக்கு. நமக்கு வீடியோ என்பது கடையின் பெயர்ப் பலகை மாதிரி. சரக்கு விற்றால்தான் லாபம்.

யாருக்குப் பயன்?

மளிகைக் கடையின் வாடிக்கையாளர்கள் சுற்றுவட்டாரத்தினர். மும்பையில் 10,000 பேர் பார்த்தாலும் இங்கே துவரம்பருப்பு ஒரு கிலோ கூடுதலாகப் போகாது. அன்றைய விலையையும் புது வரவையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலே போதும். முந்திரி அப்படியல்ல. பார்சலில் எந்த ஊருக்கும் போகும். பண்ருட்டி வட்டாரம் என்றாலே முந்திரிக்குப் பெயரும் உண்டு. முந்திரி வியாபாரிகள் முயன்று பார்க்கலாம்.

எதைக் காட்டுவது?

ஆட்டமும் பாட்டும் வேண்டாம். வாங்குபவருக்குத் தெரியாததைக் காட்டுங்கள். ‘டபிள்யூ 240’ என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 முழுப் பருப்பு. ‘320’ என்றால் 300 முதல் 320, பருப்பு சிறியது. இரண்டையும் தராசில் வைத்துக் காட்டி விலை வித்தியாசத்தைச் சொன்னால், பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும்.

கவனிக்க வேண்டியவை

ஷார்ட்ஸின் கீழே தரும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்தினால் திறப்பதில்லை. கடையின் தொலைபேசி எண்ணை வீடியோவிலேயே காட்டுங்கள். பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், எடை, தேதி இருக்கட்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் சேர்த்த கூட்டத்தை ஒரே நாளில் இழந்தார்கள். வாங்கியவரின் பெயரும் எண்ணும் நம் நோட்டில் இருந்தால், எது மூடப்பட்டாலும் வாடிக்கை போகாது.

கணக்கு நோட்டு

இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். வீடியோ பார்த்து விசாரித்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை, பார்சல் செலவு போக நின்றது எவ்வளவு, செலவான நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள். உதாரணமாக, 40 பேர் விசாரித்து 8 பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கி, கிலோவுக்கு 60 ரூபாய் நின்றால் லாபம் 480 ரூபாய்தான். அதற்காக 20 மணி நேரம் கடையை விட்டு எழுந்திருந்தால் நஷ்டமே. அந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் தீபாவளிக்குத் தாமாகவே மறுபடி கேட்டால் வீடியோ பலித்தது என்று பொருள்.

பார்வை எண்ணிக்கை கல்லாவுக்கு வராது. திரும்பி வரும் வாடிக்கையாளரை எண்ணுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பது தானே தெரிந்துவிடும்.