வீட்டுக்கேற்ற ஞாயிற்று மின்னமைப்பு: அளவறியும் முறை

ஞாயிற்றின் ஒளி நம் கீழைக் கரைக்குப் புதிதன்று. நெல் உலர்வதும் கருவாடு காய்வதும் மருதமுனைத் தறிகளுக்குரிய சாயநூல் உலர்வதும் அவ்வொளியினாலேயே. அவ்வொளியை மின்னாக மாற்றும் வித்தையோ அண்மைக் காலத்தது. ஒளியினால் மின்னோட்டம் தோன்றுதலை 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பெக்கரெல் கண்டார். பயன்தரத்தக்க சிலிக்கன் மின்கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் ஆக்கினர். இன்று கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு முதலிய ஊர்களின் கூரைகளிலும் அக்கலங்கள் மின்தகடுகளாக அமர்ந்துள்ளன.

தகடு வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது, “எத்தனை கிலோவாற்று போடலாம்?” என்பதே. அயல்வீட்டார் ஐந்து போட்டார் என்று தாமும் ஐந்து போடுவாருளர். கடன் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுக்குப் போடுவாருமுளர். இரண்டும் அளவுகோல் ஆகா. பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளிற் செலவிடும் காரியத்தில், கணக்கே முதலில் நிற்றல் வேண்டும்.

முதலில் அலகு யாதென அறிதல் வேண்டும். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினாற் செலவாகும் மின்சாரம் ஓரலகு. ‘கிலோவாற்று’ தகட்டின் ஆற்றலைக் குறிக்கும். ‘அலகு’ அது உழைத்துத் தரும் பயனைக் குறிக்கும். மாட்டின் வலிமை வேறு, அது உழுத நிலம் வேறு என்பது போன்றது இது.

நடுத்தரக் குடும்பமொன்றின் நாட்செலவை நோக்குவோம். ஒன்பது வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் எட்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.4 அலகு. எழுபது வாற்று மின்விசிறிகள் நான்கு, எட்டு மணி நேரம் சுழன்றால் 2.2 அலகு. குளிர்சாதனப் பெட்டிக்கு 1.5 அலகு, தொலைக்காட்சிக்கு 0.3, தண்ணீர் மோட்டார் அரைமணி ஓட 0.4, சோற்று அடுப்பு, மின்னழுத்தி, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு 0.7. கூட்டினால் நாளொன்றுக்கு 5.5 அலகு, மாதத்துக்கு 165 அலகு.

இக்கணக்கை மின்கட்டணப் பட்டியலோடு ஒப்பிடுதல் நன்று. ஒரு மாதப் பட்டியல் போதாது. பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் எடுத்துச் சராசரி காண்க. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறி ஓயாது. நோன்பு மாதத்திலோ சஹர் வேளைச் சமையலாலும் இரவுத் தொழுகையாலும் இராப்பொழுதின் செலவு ஏறும். அம்மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து வருவதால், சென்ற ஆண்டின் பட்டியலை அப்படியே இவ்வாண்டுக்குக் கொள்ளலாகாது.

இனி வரவை நோக்குவோம். பகல் பன்னிரண்டு மணி நேரமாயினும், காலை மாலை ஒளி மெலிந்தது. எல்லாவற்றையும் திரட்டினால் முழுவலு ஒளியாக நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மணி நேரமே நமக்கு உண்டு. அதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வெப்பத்தாலும் தூசியாலும், கம்பியிலும் மின்மாற்றுக் கருவியிலும் கழியும். தகட்டின் வலுவை 25 பாகை வெப்பத்தில் அளந்தே குறிக்கின்றனர். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் வலு குன்றும். நண்பகலில் தகடு 60 பாகையை எட்டுவதுண்டு. அப்பொழுது நூற்றுக்கு 14 பங்கு குறையும். ஆகவே ஒரு கிலோவாற்றுக்கு நாளொன்றுக்கு நான்கு அலகு எனக் கொள்வது பொருத்தம்.

5.5ஐ நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 1.4 கிலோவாற்று. 550 வாற்றுத் தகடுகள் மூன்று இக்குடும்பத்துக்குப் போதும். ஒரு தகடு ஏறத்தாழ 28 சதுர அடி இடங்கொள்ளும். இதே வீட்டார் விசிறிகளை மட்டும் முப்பது வாற்றுப் புதுவகைக்கு மாற்றுவராயின், நாளொன்றுக்கு 1.3 அலகு மிஞ்சும். இரண்டு தகடே போதுமாகும். செலவைச் சுருக்குதல் தகட்டைப் பெருக்குதலினும் மலிவு. அறையொன்றைக் குளிரூட்டும் பொறி வைப்பாரோ, இரவு முழுதும் அதனை இயக்கின் மேலும் ஐந்தாறு அலகு சேர்க்க வேண்டும், தேவை இரட்டிக்கும்.

மாரியை மறத்தலாகாது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடை மழை தொடரும் நாட்களில் வரவு பாதிக்கும் கீழே வீழ்வதுண்டு. பொது மின்வலையோடு இணைந்த வீட்டுக்கு அது பெருங்குறையன்று. வெயிற் காலத்து மிகுதி அதனை ஈடுசெய்யும். வலையின்றித் தனித்து நிற்கும் அமைப்போ மாரிக் கணக்கிலேயே அளக்கப்படல் வேண்டும்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்தடை நிலவியபோது, கூரையிலே தகடிருந்தும் இருளிலிருந்த வீடுகள் பல. வலையோடு மட்டும் இணைந்த கருவி, வலையில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பி திருத்தும் தொழிலாளரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்தடையிலும் மின் வேண்டுவோர் மின்கல அடுக்கும் அதற்கேற்ற கருவியும் வைத்தல் வேண்டும். இரவுக்கு மூன்று அலகு தேவையாயின், லிதியம் வகையில் நான்கு அலகுக் கொள்ளளவு போதும். ஈயவமில வகையை அரைவாசிக்கு மேல் வெறுமையாக்கலாகாது ஆதலின் ஆறு அலகுக்குக் குறையாது வேண்டும்.

மிகுதியை விற்று வருவாய் காணலாமென்று பெரிதாகப் போடுவார்க்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசு ‘சூரிய பல சங்கிராமய’த் திட்டத்தைத் தொடங்கியது. மிகுந்த அலகைப் பின்னாளுக்கு வரவு வைத்தல், மிகுதிக்குப் பணம் பெறுதல், விளைவு முழுவதையும் விற்றல் என வழிகள் மூன்று அமைந்தன. அன்றைய விலைவீதங்கள் பின்னர் பன்முறை மாறின. 2025 ஏப்பிரலில் புத்தாண்டு விடுமுறையின்போது தேவை குறைந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியது. ஆகவே ஒப்பந்தநாளின் வீதத்தை எழுத்திற் பெற்ற பின்னரே கடன் தவணையைக் கணக்கிடுக. வீட்டுத் தேவைக்கு அளவாகப் போட்டவரை வீத மாற்றம் அதிகம் வருத்தாது.

இடத்தியல்பையும் நோக்குக. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே வாழ்கிறோம். தகடு தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சாய்ந்திருந்தால் ஒளியும் பெறும், மழைநீரும் அழுக்கைக் கழுவிச் செல்லும். தென்னையின் நிழல் ஒரு தகட்டில் வீழ்ந்தாலும் தொடராக இணைந்த ஏனைய தகடுகளின் விளைவு குன்றும். வாய்க்காலில் ஓரிடம் அடைபட்டால் கடைமடை வயல் காய்வதைப் போல. கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். அலுமினியச் சட்டமும் துருப்பிடியா உருக்காணியும் வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட கரை இது. கூரை மரம் உறுதியாயில்லையெனின், அதனைத் திருத்தும் செலவையும் முதற்கணக்கிலே சேர்த்துக்கொள்க.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார் தமிழ் முனிவர் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். அவர் பிறந்த மண்ணின் மாணாக்கர், இக்கணக்கைத் தத்தம் வீட்டிலே செய்து பார்ப்பாராக. கருவிகளின் முதுகிலே பொறித்த வாற்றை எழுதி, இயங்கும் மணியாற் பெருக்கி, தந்தையார் கையெழுத்திடுமுன் அவர் முன் வைப்பாராக. வகுப்பறைப் பெருக்கலும் வகுத்தலும் குடும்பத்தைக் கடனினின்று காக்குமாயின், கல்வியின் பயன் அதனினும் வேறு யாது?