சிரிச்சியா, இல்லையா? – காமெடி, பார்ட் 2, சூப்பர் ஹீரோ பத்தி தென்காசியிலிருந்து

(2025 நவம்பரில் பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பின்னாடி சத்தம் கேட்டா அது மழை. நான் இப்ப தென்காசியில எங்க வீட்டு மாடியில உக்காந்து பேசிட்டு இருக்கேன். குற்றாலத்துல சாரல் சீசன் முடிஞ்சு மாசக்கணக்காச்சு. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் அருவியில தண்ணி வரும். கூடவே சபரிமலைக்குப் போற சாமிமார் கூட்டமும் வந்துடும். அதனால அருவிப் பக்கம் போகாம, மைக்கைத் தூக்கிட்டு மாடிக்கு வந்துட்டேன்.

நிறைய பேர் கேட்டீங்க: இந்த வருஷம் வந்த காமெடிப் படம், வரிசை கட்டி வர்ற பார்ட் 2, அடுத்த வருஷம் வரப்போற சூப்பர் ஹீரோ படம், இதெல்லாம் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு. போடுறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு.

நான் மொக்கைன்னு சொன்ன படம்

ஜனவரி 12-ஆம் தேதி ‘மதகஜ ராஜா’ ரிலீஸ் ஆச்சு. சுந்தர் சி. டைரக்‌ஷன், விஷால், சந்தானம். 2013 பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய படம், 12 வருஷம் பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. நான் சென்னையில முதல் நாளே பார்த்தேன். கையில ஃபோன், ஃபோன்ல நோட்ஸ். பழைய காமெடி, பெண்களைக் காட்டுற விதம் ரொம்பப் பழசு, கதைன்னு ஒண்ணு இல்லைன்னு வரிசையா எழுதி, அன்னைக்கு ராத்திரியே எபிசோட் ரெக்கார்ட் பண்ணி, ‘மொக்கை’ன்னு முடிச்சேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். பொங்கலுக்கு மறுநாள் வீட்டுல எல்லாரும் அந்தப் படத்துக்குக் கிளம்பினாங்க. ஏற்கெனவே பார்த்தாச்சுன்னு சொன்னா கேக்கவா போறாங்க? கூட எங்க அத்தையும் வந்தாங்க. மாமா தவறி ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் அத்தை தியேட்டர் பக்கமே போனதில்ல. கல்யாண வீட்டுக்குக்கூட தலைய காட்டிட்டு, சாப்பிடாம வந்துருவாங்க.

படத்துல மனோபாலா செத்துப்போவார். அந்த உடம்பை உயிரோட இருக்கிற மாதிரி காட்ட இவங்க படுற பாடுதான் காமெடி. அத்தை பக்கத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு வயிறு கலங்கிடுச்சு. சாவை வச்சு காமெடி, பக்கத்துல இவங்க. திரும்பிப் பார்க்கவே பயம். அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. அத்தை சிரிக்கிறாங்க. சாதாரணச் சிரிப்பு இல்ல. முந்தானையை வாயில பொத்திக்கிட்டு, தோள் குலுங்க, கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு.

இடைவேளையில நான் பழக்கதோஷத்துல ஃபோனை எடுத்தேன். அத்தை கேட்டாங்க: “என்னல எழுதிக்கிட்டு இருக்க?” விமர்சனம்னேன். “நீ சிரிச்சியா, இல்லியா? அதச் சொல்லுல மொதல்ல.”

என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா அந்தக் காட்சியில நானும் சிரிச்சிருந்தேன். சென்னையில தனியா பார்த்தப்ப சிரிக்கல. படம் மாறல, சீன் மாறல. மனோபாலா 2023 மே மாசமே காலமாகிட்டாரு. இல்லாத ஒரு மனுஷன் செத்த மாதிரி நடிக்கிறாரு. அதைப் பார்த்து ஒரு வீடே ரெண்டு வருஷம் கழிச்சு சிரிக்குது. என் நோட்ஸ்ல இதுக்கு எந்த இடமும் இல்ல.

பெண்களைக் காட்டுற விதம் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கல. அது இன்னமும் உண்மைதான். வாபஸ் வாங்குறது ‘மொக்கை’ங்கிற அந்த ஒத்தை வார்த்தையை மட்டும்.

காமெடி எங்க இருந்து வருது?

அதுக்கப்புறம் நான் யோசிக்க ஆரம்பிச்சேன். சிரிப்பு ஜோக்ல இருக்கா, ஆளுகிட்ட இருக்கா?

இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்ச காமெடி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. மே 1-ஆம் தேதி ‘ரெட்ரோ’ கூடவே வந்துச்சு. டைரக்டர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இலங்கையில பொருளாதார நெருக்கடி தாங்காம ஒரு குடும்பம் ராமேஸ்வரம் வழியா வந்து, சென்னையில ஒரு தெருவுல ஒளிஞ்சு வாழுது. சசிகுமார், சிம்ரன், ரெண்டு பசங்க. வாயைத் திறந்தா அவங்க தமிழே காட்டிக்கொடுத்துடும். இதுதான் படத்துல காமெடி, இதுதான் ஆபத்தும். ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு பாருங்க. தனியா ஒரு காமெடி டிராக் கிடையாது. அந்தத் தெருவுல ஒரு சாவு விழும்போது தியேட்டரே அழுதுச்சுன்னா, அதுக்கு முன்னாடி அந்தத் தெருக்காரங்களைப் பார்த்து நாம சிரிச்சிருந்ததுதான் காரணம்.

இது புதுசா? எங்க ஊர்க்காரன்ங்கிற திமிர்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். தென்காசிக்குப் பக்கத்துல மேலகரம்னு ஊர். அங்க பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டுல குற்றாலக் குறவஞ்சி எழுதினாரு. ஸ்கூல்ல நாம படிச்சது மலையும் குரங்கும் வர்ற பகுதி. அந்த நூலோட கடைசிப் பகுதி முழு காமெடி. சிங்கன் பறவை பிடிக்கிறவன். கூட நூவன்னு ஒரு எடுபிடி. சிங்கனுக்கு சிங்கி ஞாபகம். பறவை எங்க மாட்டும்? கடைசியில சிங்கியைக் கண்டுபிடிச்சா, உடம்பெல்லாம் நகை. அவனுக்கு அது நகைன்னே தெரியல. காலைப் பார்த்து, இது என்ன பாம்பு மாதிரி கிடக்குன்னு கேக்குறான். அவ, எந்த ஊர்ல குறி சொல்லி வாங்கின நகைன்னு பதில் சொல்றா. இப்படியே கேள்வி, பதில், கேள்வி, பதில். கவுண்டமணி–செந்தில் வாழைப்பழக் கணக்கு ‘கரகாட்டக்காரன்’ல வந்தது 1989-ல. ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருப்பான், இன்னொருத்தர் பதில் சொல்லிக்கிட்டே இருப்பாங்கங்கிற அந்த அமைப்பு இங்க அருவிக்கரையில அதுக்கு ரொம்ப முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சு.

ஆனா குறவஞ்சியில நாம சிரிக்கிறது நகைக்காக இல்ல. தேடி அலைஞ்சு வந்தவன், அவளைப் பார்த்த சந்தோஷத்தையும் சந்தேகத்தையும் ஒண்ணா மறைக்கத் தெரியாம உளறுறான். அந்த ஆளை நமக்குத் தெரியும். நாமளே அப்படி உளறியிருக்கோம்.

பார்ட் 2-வோட பிரச்சினை

இப்ப சீக்வலுக்கு வர்றேன். ‘கதை தெரிஞ்சுபோச்சு, அதனால பார்ட் 2 போர் அடிக்குது’ன்னு பொதுவா சொல்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. எங்க பக்கத்துக் கோயில் கொடையைப் பாருங்க. வருஷா வருஷம் வில்லுப்பாட்டுல அதே சுடலைமாடன் கதை. விளக்குச் சுடர்ல பிறந்தது, கயிலாயத்துல இருந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்னது, பூலோகத்துக்கு அனுப்பப்பட்டது, எல்லாம் ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடிய விடிய உக்காந்து கேப்பாங்க. கதை தெரிஞ்சிருக்கிறது ஒரு குறையே இல்ல. ஜனங்க வர்றது அந்த ஆளை மறுபடி பார்க்க.

‘இந்தியன்’ 1996. ‘இந்தியன் 2’ போன வருஷம் ஜூலை. நடுவுல 28 வருஷம். முதல் படத்துல அந்தத் தாத்தா கத்தியை எடுக்கிறதுக்குப் பின்னாடி ஒரு வீடு இருந்துச்சு. லஞ்சம் குடுக்க மறுத்ததால உயிரை விட்ட மகள், பெத்த மகனையே தண்டிக்க வேண்டிய கட்டாயம். பார்ட் 2-ல வர்மக்கலை திரும்பி வந்துச்சு, கெட்டப் திரும்பி வந்துச்சு. அந்த அப்பன் வரல. ‘சந்திரமுகி 2’ 2023-ல வந்தப்போ அதே முருகேசனா வடிவேலு இருந்தாரு. ஆனா அவர் பயந்தா பதிலுக்கு விளையாட முதல் படத்துல ரஜினி இருந்தாரு. தலைப்பை மட்டும் தூக்கிட்டு வந்தா, உறவு பின்னாடி வராது.

‘அரண்மனை 4’ ஏன் ஓடுச்சு? நாலாவது பார்ட், கதை அமைப்பு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா இந்தத் தடவை அசாம் நாட்டுப்புறக் கதையில வர்ற ‘பாக்’ங்கிற பேயைக் கொண்டு வந்தாங்க, பிள்ளைகளைக் காப்பாத்தத் துடிக்கிற அம்மாவா தமன்னாவை நிறுத்தினாங்க. பழைய அரண்மனைக்குள்ள கவலைப்பட ஒரு புது ஆள் கிடைச்சிடுச்சு.

‘ஜெயிலர் 2’ வேலை நடந்துட்டு இருக்கு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். முத்துவேல் பாண்டியன் துப்பாக்கி எடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல பேரனோட உக்காந்திருக்கிற சீன் நல்லா இருக்கணும்.

சூப்பர் ஹீரோ நம்ம ஊர்ல ஏன் நிக்க மாட்டேங்கிறான்?

2012-ல மிஷ்கின் ‘முகமூடி’ எடுத்தாரு. முகமூடி போட்ட நாயகன், குங்ஃபூ. பெருசா எடுபடல. 2019-ல சிவகார்த்திகேயனோட ‘ஹீரோ’. அதுவும் அப்படித்தான். அதே சிவகார்த்திகேயன் 2023-ல மடோன் அஷ்வினோட ‘மாவீரன்’ பண்ணப்போ கதையே வேற. பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்ட். விரிசல் விட்ட அடுக்குமாடி வீடு. மேல இருந்து ஒரு குரல் அவனை வீரனா வர்ணிக்க ஆரம்பிக்குது. சண்டை போட விருப்பமே இல்லாத ஒருத்தன், குரல் சொன்னபடி அடிச்சிட்டு முழிக்கிறான். காமெடியும் சூப்பர் ஹீரோவும் ஒரே உடம்புல.

அந்தக் குரல் விஜய் சேதுபதியோடது. ஞாபகம் இருக்கா? 2019-ல ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ் டப்பிங்ல அயர்ன் மேனுக்குக் குரல் குடுத்தது அவர்தான். ஏ.ஆர். முருகதாஸ் வசனம். ரசிகர்கள் ஏத்துக்கல, இணையத்துல கலாய்ச்சுத் தள்ளினாங்க. குரல் அதே குரல்தான். நியூயார்க் கோடீஸ்வரன் வாய்க்கு அது ஒட்டல. வீட்டு விரிசலைப் பார்த்துப் பயப்படுறவன் காதுல கச்சிதமா உக்காந்துச்சு.

கேரளா இதை நம்மளை விட முந்திப் புரிஞ்சுக்கிச்சு. 2021-ல ‘மின்னல் முரளி’. ஹீரோ ஒரு தையல்காரன், அமெரிக்கா போகணும்னு ஆசை. வில்லனா நம்ம குரு சோமசுந்தரம். அந்த வில்லனுக்காக நான் அழுதேன். இந்த ஆகஸ்ட்ல ‘லோகா’. கல்யாணி பிரியதர்ஷன் நடிச்ச சூப்பர் ஹீரோ யாரு? கள்ளியங்காட்டு நீலி. பழைய கதையில அவ ரத்தம் குடிக்கிற யட்சி. படத்துல காப்பாத்துறவளா மாத்திட்டாங்க.

வீட்டு டிவியில அதைத் தமிழ் டப்பிங்ல போட்டேன். அத்தை பாதியிலேயே, “இது நம்ம இசக்கி கதைல்லா?”ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஆமா. கள்ளியங்காடு இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கு. ஏமாத்திக் கொல்லப்பட்ட ஒரு பெண், கள்ளிக் கொப்பைக் குழந்தையா மாத்தி இடுப்புல வச்சுக்கிட்டு நியாயம் கேட்டு வர்ற கதையைத்தான் தென்மாவட்டத்து வில்லுப்பாட்டுல இசக்கியம்மனுக்குப் பாடுறாங்க. கதைக்கு மாநில எல்லை தெரியாது. இங்க இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு.

நம்ம ஆளுங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க. 2023-ல ஹிப்ஹாப் ஆதியோட ‘வீரன்’ல, மின்னல் தாக்கி சக்தி வந்தவன் ஊர்க் காவல் தெய்வத்தோட பேர்லதான் ஊரைக் காப்பாத்துவான். யோசனை அருமை. ஆனா அந்தத் தெய்வத்துக்குப் படத்துல ஒரு கதை கிடைக்கல, வேஷம் மட்டும்தான் கிடைச்சுச்சு.

அடுத்த வருஷம்

2026 ஜூன்ல ‘சூப்பர்கேர்ல்’, ஜூலை 31 ‘ஸ்பைடர்மேன்: பிராண்ட் நியூ டே’, டிசம்பர் 18 ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ன்னு இப்போதைக்கு அறிவிச்சிருக்காங்க. டூம்ஸ்டேல ராபர்ட் டவுனி ஜூனியர் திரும்பி வர்றாரு, இந்தத் தடவை டாக்டர் டூம்ங்கிற வில்லனா. செத்துப்போன அயர்ன் மேனோட முகம் வில்லனா வந்து நிக்கும்போது நம்ம மனசு என்ன பண்ணும்ங்கிறதை வச்சு ஆடுறாங்க. அந்த முகத்தை உறவா காட்டினா படம் நிக்கும். டிக்கெட் விக்க மட்டும்னா அதுவும் ஒரு ‘தலைப்பு பார்ட் 2’தான். ஸ்பைடர்மேன் மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி. போன படத்தோட கடைசியில உலகமே பீட்டர் பார்க்கரை மறந்துடுச்சு. யாருக்கும் அவனைத் தெரியல, நமக்கு மட்டும் தெரியும். பார்ட் அடுத்ததுக்கு இதைவிட நல்ல காரணம் வேணுமா?

‘லோகா’வுக்கும் அடுத்த பாகம் அறிவிச்சாச்சு, டோவினோ தாமஸை வச்சு. அத்தை இப்பவே கேட்டுட்டாங்க, எப்ப வரும்னு. வர்ற வரைக்கும் இருப்பேனோ என்னமோன்னு ஒரு வார்த்தையும் சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கு நான் சிரிக்கல. அவங்கதான் சிரிச்சாங்க.

இனிமே நம்ம எபிசோட்ல ஸ்டார் ரேட்டிங் கிடையாது. யார்கூட பார்த்தேன், எந்த இடத்துல சிரிச்சேன், எது உறுத்துச்சு, இதை மட்டும் சொல்றேன். நீங்களும் எழுதுங்க: கடைசியா எந்தப் படத்துக்கு, யார் பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்க?

மழை வலுக்குது. கீழ கூப்பிடுறாங்க, காப்பி ஆறுதாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.