நெடுந்தீவுக்குக் காசு கொடுத்து வாசகரைப் பிடிக்கலாமா?

செய்தித் தளங்களில் கட்டுரைக்குக் கீழே, ‘இதையும் வாசியுங்கள்’ என்று வரிசைகட்டி நிற்கும் படங்களில் பல விளம்பரங்கள்தான். 2006இல் அவுட்பிரெய்ன், 2007இல் தபூலா என இஸ்ரேலியர்கள் தொடங்கிய நிறுவனங்கள் இந்தத் தொழிலில் முன்னணிக்கு வந்தன. பெரும்பாலும் கிளிக்குக்குத்தான் காசு.

யாழ்ப்பாணத்துக்கு அருகேயுள்ள நெடுந்தீவில் சின்ன விடுதி நடத்துபவருக்கு இப்படி விளம்பரம் செய்வது கட்டுப்படியாகுமா?

ஒரு கிளிக் 10 சதம் என்று வைத்தாலும் 1,000 பேருக்கு 100 டொலர். தீவின் மட்டக்குதிரைப் படம் கண்ணில் பட்டதால் அழுத்தியவர், பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் அறை தேடி வந்தவரல்ல. நாளுக்கு நாள் புதிதாக எழுதி, வந்தவரிடமே விளம்பரத்தில் சம்பாதிக்கும் பெரிய தளங்களுக்கு வேண்டுமானால் கணக்குச் சரிவரலாம்.

தீவுக்கு வருகிறவரின் கேள்விகள் வேறு. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு எத்தனை மணிக்கு? கடைசிப் படகு போய்விட்டால் தங்க இடமுண்டா? கடல் கொந்தளித்தால் என்ன செய்வது? பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்க ஓட்டோ பிடிக்கலாமா? பக்கத்திலுள்ள நயினாதீவின் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருவோருக்கும் படகு நேரம்தான் முக்கியம். இவற்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக விடை எழுதுங்கள். கூகுள் மப்பில் விடுதியைப் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கிளிக்குக்குக் கொடுக்க நினைத்த 100 டொலரை நல்ல படங்களுக்குச் செலவழியுங்கள்.