நன்னீர் இறாலும் நம் கிணற்று நீரும்

நண்டின் கொடுக்கும் இறாலின் உடலும் கொண்ட ஒரு நன்னீர்ப் பிராணியை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தார் நெல் வயல்களிலேயே வளர்த்து விருந்துகளில் பரிமாறுகின்றனர். அது இந்திய நீர்நிலைகளுக்கு உரியதன்று. குடியேறிய நாடுகள் பலவற்றில் உள்ளூர் உயிரினங்களுக்குக் கேடு விளைத்ததால், அதனை இங்குத் தருவிக்க வேண்டுவதில்லை. அதற்கீடாக, 'ஸ்கேம்பி' என்று உணவு விடுதிகளில் விலைபோகும் நீலக் கொடுக்கு நன்னீர் இறால் நம் நாட்டிலேயே உண்டு.

இவ்விறால் வளர்வது நன்னீரில். ஆனால் இதன் குஞ்சு பிழைப்பது உவர்நீரில். இவ்வுண்மையை 1960-களின் தொடக்கத்தில் மலேயாவில் கண்டறிந்தவர் ஷாவோ வென் லிங் என்னும் நிபுணர். கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குள்ள நீரில் சுமார் ஒரு மாதம் வளர்ந்த பின்னரே குஞ்சு நன்னீருக்குப் பழகும். ஆகவே சேலம் சமவெளி விவசாயி கடலோரப் பொரிப்பகத்தையே நம்பியிருக்க வேண்டும். பிராணவாயு நிரப்பிய பைகளில் வரும் குஞ்சுகளைத் தனியொருவர் தருவிப்பது பெருஞ்செலவு. சூரமங்கலம் வட்டாரத்தில் பத்துப் பேர் கூடி ஒரே நாளில் தருவித்தால் செலவு பங்காகும்.

குளத்தில் விட்டபின்னும் கவனம் தேவை. இறால் மேலோட்டை உரிக்கும் நேரத்தில் உடல் மென்மையாயிருக்கும். மற்ற இறால்களே அதனைத் தின்றுவிடும். தென்னை ஓலை, பழைய வலை, குழாய்த் துண்டு இவற்றை இட்டு மறைவிடம் அமைத்தல் வேண்டும். பெருத்த ஆண்கள் சிறியவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதால், பெரியவற்றை அவ்வப்போது பொறுக்கி விற்பதே ஆதாயம்.

ஆந்திரத்தின் நெல்லூர்ப் பகுதியில் இத்தொழில் 1990-களில் செழித்தது. பின்னர் வால் வெளுத்து மடியும் நோய் குஞ்சுகளைத் தாக்கியது. வளர்த்தோர் பெருநஷ்டம் அடைந்தனர். பரிசோதித்த குஞ்சையே வாங்குக என்பது அந்த அனுபவம் தரும் பாடம்.

எல்லாவற்றினும் முதன்மையானது நீர். காய்கறிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து சிறிதளவு கலந்தாலும் இறால் மடியும். திருமணிமுத்தாறு சாயக்கழிவாலும் நகரக்கழிவாலும் கெட்ட கதையை நாமறிவோம். நெசவாளர் சாயநீரைச் சுத்திகரியாமல் விட்டால் அது விவசாயியின் கிணற்றை வந்தடையும். விவசாயியின் மருந்தும் அவ்வாறே பிறர் கிணற்றை அடையும். இருவரும் அருந்துவதும் அந்நீரையே. ஆதலால் குளம் வெட்ட எண்ணும் அங்கத்தினர்கள் முதலில் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புக. குஞ்சுக்குப் பணம் கட்டுவது அதற்குப் பின்னர் ஆகட்டும்.