பெருங்குடலுக்கும் பசிக்கும்

இரண்டு வாரத்தில் மாறிய குடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் கிராமங்களில் மக்காச்சோளக் களியும் பயறும் உண்டு பழகிய 20 பேர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவுக்குப் பழகிய 20 கறுப்பின அமெரிக்கர்கள். இரு சாராரும் இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு வியப்பானது. அமெரிக்கர்கள் உண்ட நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. அவர்கள் குடல் சுவரில் அழற்சி தணிந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறாக, அழற்சி கூடியது. வயதும் பரம்பரையும் மாறவில்லை, தட்டு மட்டுமே மாறியது.

நார்ச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்?

நாம் அல்ல. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் நார்ச்சத்து, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்குத்தான் உணவு. அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்வரிச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். நோய் எதிர்ப்புச் செல்கள் தேவையில்லாமல் கொதித்தெழாமலும் அது பார்த்துக்கொள்கிறது. நார்ச்சத்து வராவிட்டால் நுண்ணுயிரிகள் பட்டினி கிடப்பதில்லை. குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அவை தின்னத் தொடங்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

நம் தட்டில்

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. அதே கிண்ணம் நிறைய வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது. சோறு மலைபோலவும் பொரியல் ஊறுகாய்போலவும் இருக்கும் நம் வழக்கம்தான் சிக்கல். கீரை, அவரை, கொத்தவரங்காய், சுண்டல், கேழ்வரகு எல்லாமே கைக்கெட்டும் விலையில் கிடைப்பவை. பழத்தைப் பிழிந்து சக்கையை எறியாதீர்கள், நார்ச்சத்து சக்கையில்தான் இருக்கிறது. ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள்.

புளித்த உணவுக்கும் பங்குண்டு. தயிர் போன்ற உணவுகளைப் பத்து வாரம் கூடுதலாக உண்டவர்களுக்கு ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பல குறைந்ததை 2021இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. மோரையும் பழைய சோற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இட்லியைச் சேர்க்க முடியாது. மாவு புளித்தாலும் ஆவியில் அந்த நுண்ணுயிரிகள் செத்துவிடும்.

குறைக்க வேண்டியதும் உண்டு. சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை நாளும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்ன கணக்கு.

மஞ்சள் போதுமா?

மஞ்சள் தூளில் அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் இருப்பதே நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதையும் உடல் எளிதில் உறிஞ்சாது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். மருந்துக்கு மாற்றாக மட்டும் நினைக்காதீர்கள்.

குடல் புண்பட்டிருந்தால்

இதுவரை சொன்னது நோயற்ற குடலுக்கு. பெருங்குடல் புண் அழற்சி, கிரோன் நோய் ஆகிய நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு நோய் தீவிரமாகும் வேளையில் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. குடல் சுருங்கியவர் வாழைத்தண்டைத் தின்றால் அடைத்துக்கொள்ளக்கூடும். கிரோன் நோய் கண்ட குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் திரவ உணவு மட்டும் கொடுத்தே அழற்சியைத் தணிக்கிறார்கள். உணவுக்கு அவ்வளவு வலு உண்டு, ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம்.

மலத்தில் ரத்தம் கண்டதும் ‘மூலம்’, ‘உடம்புச் சூடு’ என்று நாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் கடை மருந்து வாங்குகிறோம். இப்படி ஊகிப்பது ஆபத்து. நம் நாட்டில் காணப்படும் குடல் காசநோயும் கிரோன் நோய் போலவே தோன்றும். கிரோன் நோய்க்கான மருந்து காசநோயை முற்றச் செய்துவிடக்கூடும். ரத்தம், தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடை இழப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், கூச்சப்படாமல் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.