ஒழுகும் எண்ணெயும் எழுதாத பில்லும்

தைப்பூச நெரிசலில் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் கார் ஊர்ந்து போகும்போது பானெட்டிலிருந்து கருகிய எண்ணெய் வாடை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு கவர் கேஸ்கட். இஞ்சினின் உச்சிமூடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ரப்பர், பல ஆண்டுச் சூட்டில் இறுகி வெடித்து எண்ணெயைக் கசியவிடும். கசிவு சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் புகையும்; மிகுந்தால் தீயும் பிடிக்கலாம். ஸ்பார்க் பிளக் குழிக்குள் இறங்கினால் இஞ்சின் தடுமாறும். பழைய வீரா காரோ கஞ்சில் காரோ, கதை ஒன்றுதான்.

இது சின்ன வேலை. மூடியைக் கழற்றி, பழைய ரப்பரைச் சுரண்டி, இரு பரப்பையும் துடைத்து, புதியதை வைத்துச் சிறு போல்ட்டுகளைச் சீராக முடுக்க வேண்டும். பலத்தைக் காட்டி முடுக்கினால் மூடி வளையும், மரை போகும். இஞ்சின் உள்காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதிய கேஸ்கட்டையும் தாண்டி எண்ணெய் வரும். அப்படி மறுபடி ஒழுகும்போதுதான், “ஹெட் கேஸ்கட் போயிருச்சு, டாப் ஓவர்ஹால் பண்ணணும்” என்ற பேச்சு எழும். ஹெட் கேஸ்கட் முற்றிலும் வேறு பொருள்; செலவும் பல மடங்கு. அது போயிருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் குறையும், இஞ்சின் கொதிக்கும், சில சமயம் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுக்கும். இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாதபோது, பட்டறைக்காரர் எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

நம் மக்கள் ஏமாறுவது இஞ்சின் தெரியாததால் அல்ல, எல்லாவற்றையும் வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வதால்தான் என்பது என் எண்ணம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. விலை முன்கூட்டிப் பேசப்படாவிட்டால் நியாயமான தொகைக்கு மேல் கொடுக்கவும் வேண்டியதில்லை. வேலை சரியில்லையென்றால் திருத்தித் தரச் சொல்லலாம். மறுத்தால் வேறு பட்டறையில் செய்து, செலவைக் கோரலாம். ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று சுவரில் மாட்டிய பலகை இந்த உரிமைகளைப் பறிக்காது. ஆனால் என்ன பழுது, என்ன சாமான், எவ்வளவு கூலி என்று எழுதிய தாள் கையில் இல்லாவிட்டால் எதை வைத்து வாதாடுவது? கழற்றிய பழைய கேஸ்கட்டையும் கேட்டு வாங்குங்கள். விரலால் வளைத்தால் பட்டென்று முறியும் அந்தத் துண்டே, மாற்றினார்களா இல்லையா என்பதைக் காட்டிவிடும்.

“தெரிந்த பட்டறைக்காரர், பில் கேட்டால் கோபித்துக்கொள்வார்” என்பார்கள். நேர்மையாக உழைப்பவருக்கும் அந்தத் தாள் காவல்தான். செய்யாத வேலைக்கு அவர்மீது யாரும் பழி போட முடியாது. நூறு, இருநூறு வெள்ளிக்கு வழக்கா என்பது அடுத்த தயக்கம். அதில் நியாயம் உண்டு; ஒரு நாள் சம்பளத்தை இழந்து யார் அலைவார்? அதனால் முதலில் பட்டறைக்கே எழுத்தில் புகார் கொடுப்பதும், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்பதும் நல்லது. அதற்கும் மசியாதவருக்குத்தான் பயனீட்டாளர் நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளாகியும் பணம் தராவிட்டால் அது குற்றம்.